ஷேர்டு ஓனர்ஷிப் வீட்டில் ஈரச்சுவர்: யார் செலவு?

லண்டன் புறநகரில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் 40 சதவீதம்தான் எங்களுடையது. மீதி 60, லாபநோக்கில்லாமல் வீடுகள் தரும் ஹவுசிங் அசோசியேஷனுடையது. அதற்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். படுக்கையறை மூலை ஊறிக் கறுத்தபோது, செலவும் இதே கணக்கில்தான் பிரியும் என்று என் மனைவி சொன்னாள். நியாயமான எதிர்பார்ப்புதான், ஆனால் பிரியாது. பங்கு எவ்வளவு குறைவானாலும் உட்புறப் பழுது முழுக்க நம் தலையில். நாம் சட்டப்படி நீண்டகால லீஸ்தாரர்கள். வீட்டுக்காரர் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்கிற 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பொதுவாக ஏழு வருடத்துக்குக் குறைந்த ஒப்பந்தங்களுக்குத்தான்.

லீஸ் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். எங்கள் பத்திரப்படி உள்பூச்சு எங்களுடையது. வெளிச்சுவர், கூரை, மழைநீர்க் குழாய் அசோசியேஷன் பொறுப்பு. ஆக, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அசோசியேஷனிலிருந்து பார்க்க வந்தவர் சுவரைவிட அடுப்பிலிருந்த இட்லிப் பானையைத்தான் அதிக நேரம் பார்த்தார். “நீராவி படிகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இட்லி வேகாத வாரத்திலும் மழை பெய்தால் அந்த மூலை நனைந்தது. அதைத் தேதியோடு படம் எடுத்து வைத்தோம். சில நூறு பவுண்டு கொடுத்து, ரிக்ஸ் (RICS) என்ற சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பில் பதிவுபெற்ற கட்டடச் சர்வேயர் ஒருவரை நாங்களே வரவழைத்தோம். வெளியே மழைநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், செங்கல் இடுக்குகளில் காரை உதிர்ந்திருந்தது. அறிக்கையில் அவர் எழுதிய அந்த ஒரு பத்திக்குத்தான் அத்தனை காசும்.

பழுதுக்காகப் போன் செய்வது வேறு, புகார் கொடுப்பது வேறு. மின்னஞ்சலில் ‘இது முறையான புகார்’ என்று தெளிவாக எழுதிவிடுவது நல்லது. புகாராகப் பதிவானால்தான் கெடு ஓடும்: புகாரை ஏற்றுக்கொண்டதிலிருந்து முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலைநாள், இரண்டாம் கட்டத்துக்கு 20. அதிலும் தீராவிட்டால், இப்படிப்பட்ட வீட்டுப் புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஹவுசிங் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, நம்மைப் போன்ற பங்குதாரர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. முதல் பதிலில் மறுபடியும் ஜன்னல் கதை. இரண்டாவதில், சர்வேயர் அறிக்கையைப் பார்த்தபின், குழாயையும் சுவரையும் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள்.

உள்பூச்சுக்குக் கட்டட இன்சூரன்சைக் காட்டினார்கள். மெல்ல மெல்லக் கசிந்த ஈரத்துக்குப் பணம் தர முடியாது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். வெளிப்பழுதைத் தாமதித்ததால்தானே உள்ளே கெட்டது என்று திரும்பவும் எழுதிய பிறகு, பூச்சுச் செலவில் ஒரு பகுதியை நஷ்டஈடாகக் கொடுத்தார்கள். குழாய்ச் செலவோ கட்டடப் பொதுப் பராமரிப்புக்காக எல்லோரும் கட்டும் சர்வீஸ் சார்ஜில் ஏறி எல்லா பிளாட்டுகளுக்கும் வந்தது. எங்கள் பிளாட்டின் பங்கை நாங்களே முழுசாகக் கட்டினோம். அங்கே 40 சதவீதக் கணக்கு செல்லாது.

புதிதாக வாங்குகிறவர்கள், 2021இல் வந்த புது மாதிரி லீஸா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் முதல் 10 வருடம் வெளிப்புற, கட்டுமானப் பழுதுகளின் செலவு அசோசியேஷனுடையது. உள்ளே குறிப்பிட்ட சில பழுதுகளுக்கு வருடம் 500 பவுண்டு வரை கோரலாம். எங்களுடையது பழைய லீஸ்.