யோக்கியமாய் என்றால் நேர்மையாக இல்லை: சிவில் நீதிபதித் தேர்வு அனுபவம்

முடிவு வந்து நாலு நாள் ஆகிறது. பட்டியலில் என் எண் இருக்கிறது. இது இரண்டாவது முயற்சி. 'என்ன புக்கு, எந்த கோச்சிங்' என்று போனில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதல்நிலைத் தேர்வைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. பேர் ஆக்ட்டை (உரை, விளக்கம் இல்லாத வெறும் சட்ட வாசகம்) நாலு தடவை புரட்டினவர் தாண்டிவிடுவார்.

போன முறை என்னைக் கவிழ்த்தது சட்டம் இல்லை, மொழிபெயர்ப்புத் தாள். 'தமிழ்தானே, பார்த்துக்கலாம்' என்று அதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. தேர்வில் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. "ஷை சொத்தை நாளது தேதியில் தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டபடியால், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன்..." என்கிற ரகம். இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் 'யோக்கியமாய்' என்பதற்கு 'ஹானஸ்ட்லி' என்று எழுதினேன். சிரிக்காதீர்கள். குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு மூன்று குறைந்தது. மற்ற மூன்று சட்டத் தாள்களிலும் நல்ல மதிப்பெண், ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் ஆறு மாதம் புத்தகத்தையே தொடவில்லை. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி வக்கீல் பேனலில் பேர் கொடுத்திருந்தேன், அந்த வேலையை மட்டும் பார்த்தேன். மெயின்டனன்ஸ் (ஜீவனாம்சம்) மனு, தொரப்பாடி ஜெயிலில் பெயில் கேட்பவர்கள், பாகப்பிரிவினைத் தகராறு. ஒருநாள் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி மஞ்சப்பையைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த பத்திரத்தை மேசையில் வைத்தார். "இன்னா தம்பி எழுதிகீது இதுல?"

வாசித்தேன். அதே 'தானாதி விநியோக'. பாட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதாவது பாட்டி, இந்த நிலத்தை நீங்க தானமா குடுக்கலாம், விக்கலாம், உங்க இஷ்டம். அதுக்கெல்லாம் உங்களுக்கு உரிமை இருக்குன்னு எழுதியிருக்கு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, யோக்கியம் என்றால் இங்கே தகுதி என்று. அன்று ராத்திரி அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு பத்திரம் அல்லது ஒரு சாட்சியம். முதலில் கட்சிக்காரருக்குப் பேச்சுத் தமிழில் சொல்வேன், ராத்திரி ஆங்கிலத்தில் எழுதுவேன். பதினைந்து மாதம். என் தயாரிப்பில் பெரிய விஷயம் இது ஒன்றுதான். கூட்டத்தில் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் ஏறாது, அதனால் கோச்சிங் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

மற்றவை, வரிசையில்லாமல்:

- 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'ஷை' என்றால் மேற்படி. செக்குபந்தி (நான்கு எல்லை), வில்லங்கம் (சொத்தின் மேல் உள்ள கடன், உரிமைச் சிக்கல்), பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுவது), வாய்தா (அடுத்த விசாரணைத் தேதி) எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். அகராதியை நம்பாதீர்கள், பழைய குமாஸ்தாவைக் கேளுங்கள்.
- புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு பிரிவு எண்கள் மாறிவிட்டன. கொலைக்கு இருந்த 302 இப்போது 103, மோசடிக்கு இருந்த 420 இப்போது 318(4). ஜீவனாம்சத்துக்கு இருந்த 125 இப்போது 144. தடை உத்தரவு 163-க்குப் போய்விட்டது. 144 என்றால் தடை உத்தரவு என்று பழகிய வாய் மாற ஒரு வருடம் ஆகும்.
- இஷ்யூ (சிவில் வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), சார்ஜ் (கிரிமினல் வழக்கில் குற்றச்சாட்டு) இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். மனசுக்குள் எழுதினால் கணக்கில் வராது.
- புதிதாகச் சட்டம் முடிப்பவர்கள்: உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புக்குப் பிறகு இந்தத் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் பிராக்டீஸ் கட்டாயம். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த தேதியிலிருந்தே கணக்கு. சும்மா கோட்டு மாட்டித் திரியாமல் சட்ட உதவிக்குப் போங்கள்.
- பேனா மூன்று.

வாய்மொழித் தேர்வு. ஊர் வேலூர் என்றதும், பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மீதான உச்ச நீதிமன்ற வழக்கைத்தான் கேட்டார்கள். 1996 ஆகஸ்ட் 28, நீதிபதி குல்தீப் சிங், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று கடகடவென ஒப்பித்தேன். ஒரு கிலோ தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர் என்று அந்தத் தீர்ப்பில் இருப்பதையும் சொன்னேன். "சரி, இழப்பீட்டுப் பணம் நிலத்துக்காரனுக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று வந்தது அடுத்த கேள்வி. கோச்சிங் நோட்டில் அது இருக்காது. விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது என்றேன். எனக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம் பாட்டிதான். பாலாற்றங்கரையில் அவருக்கு இன்னொரு துண்டு நிலம் இருக்கிறது. கிணறு உப்பு. 'அந்தக் காசு இன்னா ஆச்சு' என்று வரும்போதெல்லாம் கேட்பார்.

நீதிபதி ஆனால் சமூக வேலை போய்விடும் என்று ஒரு சீனியர் வருத்தப்பட்டார். அப்படி இல்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குத் தலைவரே அங்கிருக்கிற மூத்த நீதிபதிதான். எனக்கு அந்த இடம் எப்போது வருமோ, அது வேறு விஷயம்.

பாட்டியின் பாகப்பிரிவினை வழக்குக்கு அடுத்த வாய்தா 14-ந் தேதி. வழக்குக் கட்டை ஜூனியரிடம் கொடுத்து, பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தும் காட்டிவிட்டேன். பாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை.