ஆம்பூர் எந்த மாவட்டம்? எஃப்1 அழுத்தினால் எழுதித் தரும் ஸ்கிரிப்ட்

ஆம்பூர்க்காரருக்கு மனு அடிக்கும்போது "வேலூர் மாவட்டம்" என்று கை தானாகப் போய்விடுகிறது. 2019 நவம்பர் 28 முதல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, அரக்கோணம் ராணிப்பேட்டையில். ஆரணியும் செய்யாறும் 1989லேயே திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டன. வட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினால் "ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்" என்று முழுதாக வரவேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நிற்பவருக்குத் தவறான முகவரியோடு மனு கொடுத்தனுப்பக் கூடாது, அதற்காகத்தான் இந்த வேலை. எடுத்துக்கொண்டது விண்டோஸ், வேர்டு, விசைகளுக்கு நாம் சொல்லும் வேலையைக் கொடுக்கும் ஆட்டோஹாட்கீ மென்பொருளின் இரண்டாம் பதிப்பு.

முதலில் செய்து பார்த்தது ஹாட்ஸ்டிரிங். மூன்று ஆங்கில எழுத்தைச் சுருக்கமாக வைத்து, அடித்து ஸ்பேஸ் தட்டினால் விரியும். ஆங்கில விசைப்பலகையில் அருமையாக வேலை செய்தது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியதும் நின்றுபோனது, ஏனென்றால் அதே விசைகள் இப்போது தமிழ் எழுத்தைத் தருகின்றன. சுருக்கெழுத்து வரவே வராது. தனித் தட்டச்சு மென்பொருள் ஓடும் கணினியில் இன்னும் சிக்கல். அதுவும் எழுத்தை அழித்து மாற்றும், ஹாட்ஸ்டிரிங்கும் எண்ணி அழிக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். தமிழில் அடிப்பவர்களுக்கு ஹாட்ஸ்டிரிங் சரிப்படாது, ஒரு விசையை அழுத்தியதும் வேலை நடக்கும் ஹாட்கீதான் சரி.

கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து எழுத்து விசை வைக்கலாம். ஆனால் இந்திய ஆங்கில விசைப்பலகையில் அந்த இரண்டோடு 4 அழுத்தினால் ₹ வரும். வேர்டிலும் அந்தக் கூட்டணியில் பல விசைகள் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டன. எஃப்1 எந்த மொழியிலும் எஃப்1தான். ஹாட்இஃப் வரியில் வேர்டு ஜன்னல் முன்னால் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை போட்டால், மற்ற இடங்களில் அது வழக்கம்போல உதவிப் பக்கத்தைத் திறக்கும்.

எஃப்1 அழுத்தியதும் நடக்கவேண்டியது இது. கிளிப்போர்டில் இருப்பதை ஒரு மாறியில் (ஸ்கிரிப்ட் எதையும் வைத்துக்கொள்ளும் பெயரிட்ட இடம்) பத்திரப்படுத்தி, கிளிப்போர்டைக் காலி செய். காலி செய்யாவிட்டால், கிளிப்போர்டில் ஏதாவது வரும்வரை காத்திருக்கும் கிளிப்வெயிட் கட்டளை பழைய எழுத்தைப் பார்த்தே "வந்துவிட்டது" என்று திரும்பிவிடும். பிறகு காப்பி அனுப்பு, ஒரு விநாடி வரை காத்திரு, வந்த பெயரை மேப்பில் (வட்டத்தின் பெயரையும் அதற்குரிய முழு வரியையும் இணைத்து வைத்த பட்டியல்) தேடு, முழு வரியைக் கிளிப்போர்டில் வைத்து ஒட்டு, 300 மில்லிவிநாடி கழித்துப் பழையதைத் திருப்பி வை. அந்த 300ஐ எடுத்துவிட்டால் வேர்டு ஒட்டுவதற்குள் கிளிப்போர்டு மாறி, பழைய எழுத்து மனுவில் விழுந்துவிடும்.

மேப்பில் 20 பெயர்: வேலூர் 6, ராணிப்பேட்டை 6, திருப்பத்தூர் 4 வட்டங்கள், கூடவே ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது. "வட்டங்கள்" என்ற மேப் படிக்கவே இதமாக இருக்கிறது. இல்லாத பெயரைச் சதுர அடைப்பில் கேட்டால் பிழைச் செய்தி வந்து நிற்கும். அதற்குப் பதில் மேப்பின் கெட் முறையில் வெற்றுச் சரத்தை இயல்பு மதிப்பாகக் கொடுத்து, வெற்றாக வந்தால் டூல்டிப் என்ற சிறு குறிப்புப் பெட்டியில் "பட்டியலில் இல்லை" என்று இரண்டு விநாடி காட்டுவது நல்லது. மனுவில் எதுவும் மாறாது.

பெயர் கண்ணுக்குச் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணம். ஒன்று, வேர்டில் இரட்டைக் கிளிக் செய்தால் பின்னால் உள்ள இடைவெளியும் சேர்ந்து வரும். டிரிம் போடவேண்டும், அது இயல்பாக ஸ்பேஸையும் டேபையும் மட்டும்தான் நீக்கும், வரி முறிவையும் நீக்கச் சொல்லித் தனியாகக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவதுதான் நேரத்தைத் தின்றது. அரக்கோணம், சோளிங்கர், போளூர் மூன்றும் சில கோப்புகளில் மட்டும் கிடைக்கவில்லை. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் (3019) எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் (3015, 3006) எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, மேப்புக்கு இரண்டும் வேறு சொல். தேடுவதற்கு முன் இரட்டையை ஒற்றையாக மாற்ற ஒரு ஸ்டிரிங் ரீப்ளேஸ் வரி. ஒகரத்துக்கு 3014, 3006 என்பதை 3018 ஆக்க இன்னொன்று. எழுத்தாக அடிக்காமல் எண்ணாகவே எழுதுங்கள், எடிட்டரில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும்.

2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பை யூடிஎஃப்-8 என்றே படிக்கும். முதல் பதிப்பில், கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியீட்டு அடையாளமான பிஓஎம் இல்லாமல் சேமித்த தமிழ் குப்பையாகிவிடும். பழைய ஸ்கிரிப்டின் கட்டளை எழுதும் முறையும் புதியதில் அப்படியே ஓடாது. கணினி திறந்ததும் தானே ஓட, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு குறுக்குவழி போதும். வேர்டை நிர்வாகி உரிமையில் திறந்தால் ஸ்கிரிப்டையும் அப்படியே திறக்கவேண்டும், இல்லாவிட்டால் எஃப்1 போய்ச் சேராது.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு இது செல்லாது. யூனிகோட் தமிழ் அங்கே கேள்விக்குறிகளாக விழும். தேடும் பெயர், வரவேண்டிய வரி இரண்டையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் குறியீட்டில் எழுதி இரண்டாவது மேப் தயாராகிறது. பாமினியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். மேப் இயல்பாகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்பதால் அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை. இதுவரை ராணிப்பேட்டையின் 6 வட்டங்கள் ஏற்றியாகிவிட்டன.