வயர் ஏறுமா?

ஸ்கேன் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நோயாளி படுத்து எழுந்து போய்விடுவார். படம் மட்டும் நம்மிடம் தங்கும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு படத்தில் பார்த்த சிறுநீரகக் கல் என்ன ஆயிற்று, ஆபரேஷன் எப்படி முடிந்தது என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கதிரியக்க மருத்துவராகச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் அந்த வசதிக்குள்தான் இருந்தேன்.

கல் கேஸுக்கு என் ரிப்போர்ட் மூன்று வரி. எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை மி.மீ. சிறுநீரகம் வீங்கியிருந்தால் அதையும் சேர்ப்பேன். கத்திரி வெயில் நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருபவர்கள் அதிகம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்பவர்கள், தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். போட்டில் குடிதண்ணீரை எண்ணித்தான் குடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். வெயிலில் உழைத்து வேர்த்து, தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகி உப்பு படியத்தான் செய்யும்.

ஒரு நாள் மாலை ஒரு யூராலஜி சர்ஜன் போன் செய்தார். “மேடம், உங்க ஆறு மில்லிமீட்டர் இன்னைக்கு என்னை ஒன்றரை மணி நேரம் நிக்க வச்சிடுச்சு.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

நோயாளிக்கு ஐம்பது வயது இருக்கும், நெல்லிக்குப்பம் பக்கம். 6 மி.மீ. கல், சிறுநீர்க்குழாயின் மேல்பாதியில். அரை மணி நேர வேலை, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று குடும்பத்திடம் சொல்லியிருந்தார்கள். தியேட்டரில், கீழிருந்து சிறுநீர்க்குழாய்க்குள் ஏற்றும் மெல்லிய வயர் கல்லைத் தாண்டவே இல்லை. கடைசியில் சிறுநீர் வடிய முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு ட்யூப் போட்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டு சர்ஜன் வெளியே வந்திருக்கிறார். வாசலில் நின்ற நோயாளியின் மனைவி கேட்ட ஒரே கேள்வி: “கல்லு எடுத்தாச்சா சார்?”

அன்று இரவு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கல்லைச் சுற்றிக் குழாயின் சுவர் தடித்திருந்தது. பக்கத்துக் கொழுப்பில் கோடு கோடாக மங்கல். எல்லாம் படத்தில் இருந்தது. ரிப்போர்ட்டில்தான் இல்லை. நான் கல்லை மட்டும் அளந்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போயிருந்தேன்.

சர்ஜன் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நோயாளிக்கு நான்கு மாதத்துக்கு முன்பே விலாவில் வலி வந்திருக்கிறது. வாழைத்தண்டு சாறு குடித்தார், வலி நின்றது, கல் போய்விட்டது என்று விட்டுவிட்டார். இந்த ஊரில் இப்படி நினைக்காத வீடு குறைவு. அடைப்பு நாள்கணக்கில் நீடித்தால் சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் தணியும், வலியும் அடங்கும். கல் அசையாமல் அங்கேயே இருக்கும். அது உரசிக்கொண்டே இருப்பதால் சுவர் வீங்கும், வீங்கிய சுவர் கல்லைக் கவ்வும். 6 மி.மீ. என்ற எண்ணில் இந்த நான்கு மாதம் எங்கேயும் தெரியாது.

“ஒரு தடவை வந்து நேரில் பாருங்களேன்” என்று சர்ஜன் சொன்னதால் அடுத்த வாரம் போனேன். அவசரத்தில் ஆட்டோக்காரரிடம் “ஓ.டி.க்குப் போகணும்” என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவர் பாட்டுக்கு முதுநகர் ரோட்டில் விட்டார். கடலூரில் ஓ.டி. என்றால் ஓல்டு டவுன்தான், ஆபரேஷன் தியேட்டர் இல்லை என்பது பாலத்தருகே வந்த பிறகுதான் உறைத்தது.

ஒருவழியாகத் தியேட்டருக்குப் போய் மானிட்டரில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் சாம்பல் நிறப் புள்ளியாகவே பார்த்துப் பழகிய கல், பழுப்பாக, சொரசொரவென்று இருந்தது. அதை மூடிக்கொண்டு சிவந்து வீங்கிய சவ்வு. பலாச்சுளை கொட்டையைப் பொத்தி வைத்திருக்குமே, அந்த மாதிரி. இயல்பான சிறுநீர்க்குழாய்க்கு நீளம் 25 முதல் 30 செ.மீ.; உள்ளே இடம் 3, 4 மி.மீ.தான். உள்ளே பார்க்கும் மெல்லிய கேமராக் குழலான ஸ்கோப் போகும் வழிக்குக் காவலாக முதலில் ஏற்றும் வயர் ஒரு மி.மீ.கூட இருக்காது. அது கல்லின் பக்கத்தில் போய் முட்டி, வளைந்து, திரும்பிக் கீழே வந்தது. பலம் கொடுத்துத் தள்ளினால் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். அன்று எப்படியோ ஐந்தாவது முயற்சியில் ஏறியது. அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், நானும்தான்.

அதன் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். கல் இருக்கும் இடத்தில் சுவரின் தடிமனை சி.டி. ஸ்கேனில் அளந்தால் கல் சிக்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே ஊகிக்கலாம் என்று பல நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2017-ல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வு, ஏறத்தாழ 3.5 மி.மீ. தடிமனை எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு மேல் போனால் சிக்கிய கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எளிதாகத் தோன்றுகிறதா? 5 மி.மீ. பட்டையாக வெட்டிய படத்தில் 3 மி.மீ. சுவரை அளக்க முடியாது. ஒரு மி.மீ. வெட்டு வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கல்லின் அளவை எலும்புக்கான ‘ஜன்னலில்’, அதாவது எலும்பு தெளிவாகத் தெரிய வைக்கும் கறுப்பு-வெள்ளை அமைப்பில், எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். சுவருக்கு வேறு ஜன்னல். குறுக்கே மட்டும் அளந்தால் போதாது, மேலிருந்து கீழாகவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழாயில் கல் பெரும்பாலும் நீளவாக்கில்தான் கிடக்கும். எங்கள் டெக்னீஷியன் தம்பி, “மேடம், ஒரு கல்லுக்கு இத்தனை படமா?” என்று முனகினான்.

கல்லின் கடினத்தைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை முன்பே சில நேரம் எழுதுவேன். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000 என்று போகும் கணக்கு அது. சி.டி.யை உருவாக்கி 1979-ல் நோபல் வாங்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். இசைத்தட்டு கம்பெனியாக நாம் அறிந்த இ.எம்.ஐ.யின் இன்ஜினியர் அவர். 1000-ஐத் தாண்டிய கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது கஷ்டம் என்பதால் அந்த எண்ணுக்கு மதிப்பு. உள்ளே போய் லேசரால் உடைக்கும்போது கதை வேறு. கெட்டியான கல்லையும் லேசர் பொடித்துவிடும், கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். கல்லிடம் போய்ச் சேர முடியுமா என்பதே அங்கே கேள்வி. என்னைக் கேட்டால், கல் எவ்வளவு கெட்டி என்பதைவிட அதைச் சுவர் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதையே முதல் வரியில் எழுதுவேன்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு கேஸுக்கும் சுவரின் அளவு, சிறுநீரக வீக்கம், கல்லுக்குக் கீழே குழாய் எப்படி இருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் என் ஊகம்: ‘ஏறும்’ அல்லது ‘மல்லுக்கட்டும்’. ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் வாட்ஸ்அப்பில் ஒரே சொல்லில் பதில் போடுவார்.

நோட்டு எனக்குப் பெருமை சேர்த்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கல்லூரிப் பையனுக்குச் சுவர் மெல்லிசு, வீக்கம் லேசு. ‘ஏறும்’ என்று எழுதினேன். வயர் ஏறியது, ஸ்கோப் ஏறவில்லை. கல்லுக்கு வெகு கீழேயே குழாய் குறுகல். குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து அனுப்பி, இரண்டு வாரத்தில் குழாய் தானாக இளகிய பிறகு எடுத்தார்கள். குழாய் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்பதைப் படம் சொல்லாது. இன்னொருவருக்கு உள்ளே போய்ப் பார்த்தால் கல்லே இல்லை. சிறுநீர்ப்பை வாசலில் இருந்த சின்னக் கல், ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் இருந்த ஒன்பது நாளில் தானே வெளியேறியிருக்கிறது. அதிலிருந்து ஆபரேஷன் அன்று காலை ஒரு எக்ஸ்ரே, எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல் என்றால் அல்ட்ராசவுண்ட் என்று வைத்துக்கொண்டோம்.

இப்போதெல்லாம் சர்ஜன் ஆபரேஷனுக்கு முன்பே போன் செய்கிறார். போன மாதம் பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு ஆயா. 7 மி.மீ. கல், எப்போது வலித்தது என்றே அவருக்கு நினைவில்லை.

“வயர் ஏறுமா மேடம்?”

“சுவரே நாலு மில்லிமீட்டர் சார். முதுகு வழியா ட்யூப் போடுற செட்டையும் எடுத்து வச்சுக்குங்க. ரெண்டு தவணை ஆகலாம்னு அவங்க பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.”

அவரும் உட்கார வைத்துச் சொன்னார். கல் சிக்கியிருக்கலாம், முதல் தடவையே எடுக்க முடியாமல் போகலாம், ட்யூபோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கலாம். மகன் இரண்டு நாள் யோசித்து, கடையை மூடிவிட்டு, தங்கையை ஊரிலிருந்து வரவழைத்து, பிறகு சம்மதித்தார்.

வயர் முதல் தடவையே ஏறியது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற வழியில், விட்டுப்போன பழைய ஃபிலிமை வாங்க மகன் எங்கள் சென்டருக்கு வந்தார். ஆயா ஆட்டோவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“அப்புறம் எதுக்கு டாக்டரம்மா எங்களை அவ்ளோ பயமுறுத்தினீங்க?” என்றார் மகன். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு நோட்டை எடுத்து, ‘மல்லுக்கட்டும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘தப்பு’ என்று எழுதினேன்.