லஞ்சம் கொடுக்காமல் தனிப்பட்டா வாங்கிய அனுபவம்

அப்பா காலமான பிறகு, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் மரவள்ளிக் காட்டை அண்ணனும் நானும் பாகப்பிரிவினை செய்து பத்திரம் பதிந்துகொண்டோம். பத்திரம் மட்டும் போதாது. நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து, அவரவர் பெயரில் தனிப்பட்டா வாங்கவில்லை என்றால், பயிர்க்கடனுக்குப் போனாலும் கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டாலும் கூட்டுப்பட்டாவில் இருக்கும் அத்தனை பேரின் சம்மதக் கையெழுத்தையும் கேட்பார்கள்.

இ-சேவை மையத்தில் மனு போட்டு, கட்டணம் கட்டி, ரசீதும் வாங்கிவிட்டேன். அளக்க யாரும் வரவில்லை. ஒருநாள் இணையத்தில் பார்த்தால், ‘ஆவணங்கள் தெளிவாக இல்லை’ என்ற ஒரே வரியோடு மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று எதுவும் இல்லை. நேரில் போய்க் கேட்டால், “சர்வேயர் ஃபீல்டுல இருக்காருங்க” என்றார்கள். வெளியே டீக்கடையில் ஒருவர் தானாக வந்து பேசினார். “எதுக்குங்கக்கா இப்படி அலையறீங்க? ஒரு தொகையைக் குடுத்துட்டீங்கன்னா இந்த வாரமே அளந்துருவாங்க. மேல வரைக்கும் நான் பாத்துக்கறேன்.”

என் மனு எந்த மேசையில் நிற்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. லஞ்சம் முளைக்கும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனு இணையத்துக்கு வந்துவிட்டது; ஆனால் எப்போது அளப்பது, எதற்காக நிராகரிப்பது என்பதெல்லாம் இன்னும் ஒரு ஆளின் விருப்பத்தில்தான் நிற்கிறது. நில அளவர்களுக்கு வேலைப்பளு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்தவருக்கு மட்டும் எப்படி உடனே நேரம் கிடைக்கிறது? எங்கள் பக்கத்துக் காட்டு அக்கா, கணவர் இறந்த பிறகு பட்டா மாற்றத் தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். பட்டா வந்துவிட்டது, தோடு இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம் என்றார் அண்ணன். 1964இல் தொடங்கிய இயக்குநரகம் அது, சேலத்திலும் அதன் பிரிவு இருக்கிறது. புகார் கொடுத்தால் பினாப்தலின் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். வழக்கு நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இன்னொன்றும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். ஆனால் என்னிடம் கேட்டது அதிகாரி இல்லை, புரோக்கர். அம்மாவும் பயந்தார். “நாளைக்கு அதே ஆபீசுக்குத்தானே கண்ணு போகணும்?”

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். இதில் கேள்வியை அமைக்கும் விதம்தான் முக்கியம். ‘ஏன் தாமதம்’, ‘ஏன் நிராகரித்தீர்கள்’ என்று கேட்டால், விளக்கம் தர இயலாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும். என் மனு மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை, அது யார் யாரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அவர்களின் பெயர், பதவி, நில அளவரின் கள ஆய்வு அறிக்கை நகல், நிராகரிப்புக்கான கோப்புக் குறிப்பின் நகல், எனக்குப் பிறகு வந்து எனக்கு முன்னால் முடிக்கப்பட்ட உட்பிரிவு மனுக்களின் பட்டியல். இவ்வளவையும் கேட்டேன்.

பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள்ளேயே நில அளவர் போன் செய்தார். மீண்டும் மனு போடச் சொல்லி, நாள் குறித்து வந்து, நான்கு பக்கத்துக் காட்டுக்காரர்களையும் நிற்க வைத்து அளந்து கல் நட்டார். யாரும் காசு கேட்கவில்லை. தனிப்பட்டாவை இணையத்தில் இறக்கி அம்மாவிடம் காட்டினேன். எழுத்துப்பூர்வமான பதிலும் பிறகு வந்தது. முதல் மனுவுக்குக் கள ஆய்வு அறிக்கையே கோப்பில் இல்லையாம். காட்டைப் பார்க்காமலே தள்ளியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க இன்னமும் கோபம் வருகிறது.

கடைசிக் கேள்விக்கு மட்டும், அதாவது முன்னால் முடித்த மனுக்களின் பட்டியலுக்கு, ‘தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதை ஏற்காமல் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். அங்கேயும் கிடைக்காவிட்டால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு எழுதுவேன். பட்டா கைக்கு வந்தாயிற்றே, விட்டுவிடு என்கிறார் அண்ணன். பக்கத்துக் காட்டு அக்கா எத்தனை பேருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டார் என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.