பேச்சுக்கு ஒன்று, இசைக்கு வேறொன்று

சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் பல கையடக்க ரெக்கார்டர்கள் பதிவைத் தொடங்கிவிடுவதில்லை. தயார் நிலையில் போய் நிற்கும். விளக்கு மினுக்கும், ஒலி அளவு காட்டும் மீட்டர் ஆடும், ஹெட்போனில் ஒலியும் கேட்கும். கார்டில் மட்டும் எதுவும் ஏறாது. இன்னொரு முறை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும், நொடிகள் ஓடும். இது தெரியாமல் ஒன்றரை மணி நேரம் மீட்டரைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் நிறுத்துவதாக நினைத்து அதே பொத்தானை அழுத்துபவர் அப்போதுதான் பதிவைத் தொடங்கிவைக்கிறார். கைதட்டலும் நாற்காலி நகரும் சத்தமும் துல்லியமாகக் கிடைக்கும். ஆகவே கண் இருக்க வேண்டிய இடம் நேரக் கணக்கு. அது ஓடுவதைப் பார்த்தபின் ஹோல்ட் பூட்டைத் தள்ளிவிட்டால், கை தவறிப் பட்டாலும் பதிவு நிற்காது.

இதற்கு அடுத்தபடியாகப் பதிவுகள் கெடுவது, ஒரே பெட்டியை இரண்டு வேலைகளுக்கு ஒரே அமைப்பில் பயன்படுத்துவதால். பேச்சில் சொல் புரிந்தால் போதும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோனது. அதிலேயே உலகம் பேசித் தீர்த்தது. இசையில் மெல்லிய இடம் மெல்லியதாகவும் உரத்த இடம் உரத்ததாகவும் இருக்க வேண்டும், அடிச்சுரம் முதல் மேல்சுரங்கள் வரை எல்லாம் வர வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவி எந்த அமைப்பில் இருக்கிறது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். பேச்சுக்கென்று வரும் சிறு வாய்ஸ் ரெக்கார்டர்களில் பெரும்பாலும் தானியங்கி லெவல், எம்பி3 ஆகிய இரண்டும் முதலிலேயே போடப்பட்டிருக்கும். இசைக்கு இரண்டுமே ஆகாது.

தானியங்கி லெவல் என்ன செய்கிறது? ஒலி குறைந்தால் கெய்னை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றும், கூடினால் இறக்கும். பாட்டில் அது இப்படி விளங்கும்: ஒரு தோல் வாத்தியத்தின் ஓங்கிய அடி விழுந்ததும் கெய்ன் சரிகிறது, அதற்கு அடுத்த நொடி பாடுபவர் குரல் திடீரென்று நாலடி பின்னால் போனதுபோல் ஒலித்து, பிறகு மெல்ல முன்னால் வருகிறது. இரண்டு அடிகளுக்கு நடுவே அறையின் இரைச்சல் மூச்சு வாங்குவதுபோல் எழுந்து தாழ்கிறது. இதை எந்த மென்பொருளாலும் பின்னால் முழுதாகத் திருப்ப முடியாது. அதற்காகத் தானியங்கி லெவலை அறவே பழிப்பதும் நியாயமில்லை. பத்துப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முணுமுணுத்து இன்னொருவர் முழங்கும் கூட்டத்தில், கருவியைக் கவனிக்க ஆளும் இல்லாதபோது, அதைவிட நல்ல உதவியாளர் இல்லை.

லோ கட் வடிகட்டியும் இந்த வகைதான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஏசி உறுமலும் மேஜை அதிர்வும் குறையும். கனத்த ஆண்குரலின் அடிநாதம்கூட ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸில்தான் தொடங்குவதால் பேச்சுக்கு நஷ்டமில்லை. கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதுவும் தப்பிவிடும். டபுள் பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கே வடிகட்டி போட்டிருந்தால் வாத்தியம் இருக்கும், வயிறு இருக்காது.

கோப்பு வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இசைக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ், அதாவது ஒலியைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு. ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பிக்குச் சற்று மேல், மணிக்கு ஒரு ஜிபி அளவு. கேட்டு எழுதுவதற்கான பேச்சுக்கு 128 கிலோபிட் எம்பி3 போதும். மணிக்கு 58 எம்பிதான். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் இடம் இரட்டிப்பாகும், பெட்டியோடு வரும் மைக்கில் அதற்கேற்ற பலன் கேட்காது.

லெவலில்தான் நின்று பேச வேண்டியிருக்கிறது. நாடா காலத்தில் ஊசி சிவப்பைத் தொட்டால்தான் நல்ல பதிவு என்று ஒரு பழக்கம் இருந்தது. நாடாவின் இரைச்சலுக்கு மேலே ஒலியைத் தூக்கி வைக்க வேண்டிய கட்டாயம் அது. டிஜிட்டல் மீட்டரில் பூஜ்யம் டெசிபெல் என்பது சுவர். அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டப்படும், வெட்டியது வெட்டியதுதான். ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபெல் என்ற கணக்கில் 16 பிட்டுக்கே 96 டெசிபெல் வீச்சு கிடைக்கிறது. 24 பிட்டில் டிஜிட்டலின் சொந்த இரைச்சல் கருவியின் மின்சுற்று இரைச்சலுக்கும் கீழே போய்விடுகிறது. எனவே மேலே தாராளமாக இடம் விட்டால் இழப்பு எதுவுமில்லை. ஒத்திகையில் மிக உரத்த இடத்தை வாசிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தொடும்படி வையுங்கள். பிறகு இன்னும் சற்று இறக்குங்கள், ஏனென்றால் ஆட்கள் வந்து உட்கார்ந்தபின் யாரும் ஒத்திகையின் சத்தத்தில் வாசிப்பதில்லை. நிகழ்ச்சி நடுவே குமிழைத் திருகிக்கொண்டே இருப்பவர் தானியங்கி லெவலின் வேலையைக் கையால் செய்கிறார், அவ்வளவுதான். கைதட்டல் சுவரில் மோதிக் கிளிப் ஆனால் விட்டுவிடுங்கள். அதை யாரும் இரண்டாம் முறை கேட்கப் போவதில்லை.

மீட்டர் மைனஸ் 10-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் ஒலி கிழிகிறது என்றால் கோளாறு மீட்டருக்கு முந்தைய இடத்தில். மிக்சரின் லைன் அவுட்டை ரெக்கார்டரின் மைக் இன்புட்டில் செருகுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். லைன் அளவு மைக் அளவைவிட 40 டெசிபெலுக்கு மேல் உயர்ந்தது. உள்ளே நுழையும் முதல் பெருக்கியிலேயே அலை நசுங்கிவிடுகிறது. பிறகு குமிழை இறக்கினால் நசுங்கிய அலை சிறியதாகப் பதிவாகிறது. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் அலையின் தலை பூஜ்யத்துக்கு வெகு கீழேயே தட்டையாக இருக்கும். இன்புட்டை லைன் என்று மாற்ற வேண்டும், இல்லையேல் இடையில் 20 அல்லது 40 டெசிபெல் குறைப்பான் போட வேண்டும். மிக விரிந்த வீச்சில் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் லெவல் கவலையைப் பெரிதும் தீர்த்துவைத்திருப்பது உண்மை. ஆனால் மைக்கின் உள்ளேயே உருக்குலைந்த ஒலியை அவையும் மீட்காது. தூரத்தில் வைத்த மைக்கை அருகில் கொண்டுவரவும் அவற்றால் ஆகாது.

தூரம் என்று வந்துவிட்டது. மைக்கை இரண்டு மடங்கு தள்ளிவைத்தால் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும். அறையின் முழக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பேச்சு தெளிவில்லை என்று வருபவர்களில் பலர் கெய்னைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள். அது குரலோடு சுவரையும் சேர்த்துக் கூட்டும். ஒரே மருந்து கிட்டே போவது. வாயிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர், நேர் எதிரே வைக்காமல் தாடைக்குச் சற்றுக் கீழே அல்லது பக்கவாட்டில்; ‘ப’ வரும்போது பாயும் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும். கருவியை மேஜைமேல் படுக்க வைப்பது கெட்ட பழக்கம். பேனா உருட்டுவது, தம்ளர் வைப்பது எல்லாம் இடியாக ஏறும். மேஜைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதிக் குரலைக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆக்கும். சிறு ட்ரைபாட், அதன் கீழே மடித்த துண்டு ஒன்று. இவ்வளவில் பாதிப் பிரச்சினை தீரும்.

இசைக்குக் கிட்டே போவது எப்போதும் சரியல்ல. வயலினை ஒட்டி வைத்தால் வில் உராய்வுதான் முன்னால் நிற்கும். அந்த வாத்தியம் முழுமையாக ஒலிக்கச் சற்று மேலிருந்து ஒரு மீட்டர் தூரமாவது வேண்டும். புல்லாங்குழலில் ஊதுதுளைக்கு நேராக வைத்தால் காற்றுதான் கேட்கும். நாலைந்து பேர் வாசிக்கும் குழுவென்றால் 2 முதல் 3 மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே, ஸ்டாண்டில். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க மீட்டர் உதவாது. ஒரு காதை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பாருங்கள்; இரண்டு காதும் திறந்திருக்கும்போது மூளை அறையின் முழக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் கொடுக்கிறது, மைக்குக்கு அந்தக் கருணை கிடையாது. ஒற்றைக் காதில் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேயிருந்து ஓரடி முன்னால் வைப்பது பெரும்பாலும் தவறுவதில்லை. கருவியின் இரட்டை மைக்குகள் 90 பாகையில் குறுக்காக நிற்கும். சிலவற்றில் 120 ஆக்கலாம். குழு அகலமாக உட்கார்ந்திருந்து மைக் கிட்டே இருந்தால்தான் 120 தேவை. கருவியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும், பின்னால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அரங்கின் மிக்சரிலிருந்து ஒரு ஒயர் கிடைத்தால் அதுவே போதும் என்று தோன்றும். அதில் ஒலிபெருக்கிக்குப் போவதெல்லாம் இருக்கும். ஒலிபெருக்கி தேவைப்படாத அளவுக்குச் சத்தமான வாத்தியம் அந்த ஒயரில் கிட்டத்தட்ட வராது. அதனால் நான்கு தடக் கருவியில் மிக்சர் ஒயரை இரண்டிலும் கருவியின் சொந்த மைக்கை இரண்டிலும் எடுப்பதே சரி. சேர்க்கும்போது ஒரு கணக்கு: ஒலி 10 மீட்டரைக் கடக்க 29 மில்லிநொடி ஆகும், அந்த அளவுக்கு மைக் தடத்தை முன்னே நகர்த்தாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். இரண்டு தனித்தனி ரெக்கார்டர்களில் எடுத்திருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டின் கடிகாரங்களும் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகிவிடும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் என்று அடையாளம் வைத்துக்கொண்டால் நீட்டிச் சரிசெய்யலாம்.

வெளி மைக் என்றால் மின்சாரம் பார்க்க வேண்டும். சட்டையில் குத்தும் சிறு மைக்குக்குச் சில வோல்ட் போதும், மெனுவில் பிளக் இன் பவரைப் போட வேண்டும். பெரிய கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம், அதாவது மைக் ஒயர் வழியாகவே ரெக்கார்டர் அனுப்பும் மின்சாரம். பேட்டரியை அது விரைவாகக் குடிக்கும். மோனோ பிளக்கை ஸ்டீரியோ துளையில் செருகினால் ஒலி ஒரு பக்கம் மட்டும் வரும். இது கெடுதலல்ல, பின்னால் இரு பக்கமும் நகலெடுத்துக்கொள்ளலாம். கைபேசிக்கென்று செய்த, நான்கு தொடுமுனை கொண்ட பிளக் பல ரெக்கார்டர்களில் வேலையே செய்யாது.

திறந்தவெளியில் பஞ்சு உறை சிறு காற்றுக்கு மட்டும்தான். அதற்கு மேல் முடி வைத்த உறை வேண்டும். கைபேசியைப் பக்கத்தில் வைக்காதீர்கள், ‘டர்ர்’ என்ற சத்தம் பதிவில் ஏறிவிட்டால் போகாது.

பேட்டரி மெனுவைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5. வகையைச் சொல்லாவிட்டால் நிறைந்த பேட்டரியைப் பாதி என்று காட்டும், அல்லது காலியாகப் போவதை நிறைந்தது என்று காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து. வேவ் கோப்பின் தலைப்பில் அதன் நீளத்தைப் பல கருவிகள் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் ஒலி கார்டில் கிடக்கும், கோப்பு மட்டும் பூஜ்ய நீளம் என்று சொல்லும். 1992-இல் வந்த மினிடிஸ்க் என்ற சிறு ஒலித்தட்டிலும் இதே கதைதான். பொருளடக்கம் எழுதுமுன் மின்சாரம் போனால் பாட்டு தட்டில் இருந்தும் இல்லாத கணக்கு. அப்படி நேர்ந்தால் கார்டை மறுபடி பயன்படுத்தாமல் எடுத்துவைத்து, மீட்பு மென்பொருளால் கோப்பை வெளியே எடுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருளில் மூலத் தரவாக இறக்கி, பிட், கிலோஹெர்ட்ஸ், சேனல் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எண் தவறினால் வெறும் இரைச்சலாகவோ வேகம் மாறியோ ஒலிக்கும். பயப்படாமல் வேறு எண்ணை முயல வேண்டும்.

நீண்ட பதிவுகளைக் கருவி தானே துண்டாக்கும். வேவ் தன் அளவை 32 பிட் எண்ணில் குறிப்பதால் 4 ஜிபிதான் எல்லை. 2 ஜிபியிலேயே வெட்டுபவையும் உண்டு, அதாவது மேலே சொன்ன அமைப்பில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. துண்டுகளை இடைவெளி விடாமல் ஒட்டினால் பொதுவாக ஒரு நொடியும் தவறாது. கார்டைக் கணினியில் ஃபார்மேட் செய்யாமல் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள், அதுவும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து, தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் கேட்டுப் பார்த்தபின்.

எடிட் செய்யப்போகும் பதிவென்றால் யாரும் பேசாத வெற்று அறையின் ஒலி அரை நிமிடம் தனியாக வேண்டும். இருமலை வெட்டிய இடத்தில் முழு மௌனத்தை வைத்தால் குழி விழுந்ததுபோல் கேட்கும். அந்த அறையின் சொந்த ஒலியை வைத்தால் தெரியாது. நிகழ்ச்சி முடிந்தபின் எடுக்கலாம் என்று விட்டால் எல்லோரும் பேசத் தொடங்கியிருப்பார்கள், மின்விசிறியைக்கூட யாராவது அணைத்திருப்பார்கள். தொடங்குமுன்பே, அதே லெவலில், அதே இடத்தில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.