சங்குப்பூ விதை வாங்குகிறவர்களுக்கு

"சும்மா மண்ணுல தூவுங்க, தானா வந்துடும்" என்றார் சிங்கப்பூர் தேக்காவில் விதை விற்றவர். வரவில்லை. கிளறிப் பார்த்தால் விதைகள் போட்டது போட்டபடி, கல்லாகக் கிடந்தன. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "உங்க மண்ணு சரியில்ல" என்று புது மண் மூட்டையைக் காட்டினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. சங்குப்பூ விதையின் தோல் எளிதில் தண்ணீரை உள்ளே விடாது. நகவெட்டியின் அரத்தால் ஒரே ஓரத்தில், உள்ளிருக்கும் வெளிர்நிறம் லேசாகத் தெரியும்வரை தேயுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், முளை அங்கேதான். பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியதை நடுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். பொட்டலத்தில் இதை அச்சிட எத்தனை வரி ஆகும்?

அப்புறம் முளைத்தது, கம்பைப் பிடித்து ஏறியது. ஆனால் இலை காடாக வளர்ந்ததே தவிர பூவைக் காணோம். பார்த்தவர்களெல்லாம் உரம் போடச் சொன்னார்கள். போடாதீர்கள். இது அவரை இனம். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அதற்கு மேலும் கொடுத்தால் இலைதான் பெருகும். இதற்கு வேண்டியது வெயில், நாளுக்கு ஆறு மணி நேரமாவது. எங்கள் வாசலில் காலையில் கொஞ்ச நேரம்தான் அடிக்கும். எங்கள் அடுக்குமாடித் தாழ்வாரக் கோடி வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மாவை இப்படித்தான் அழைப்போம்), மேற்கு வெயில் விழும் தன் வாசலில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கொடியைக் கம்போடு நகர்த்தினேன்.

உடனே தொட்டியில் ஓர் அறிவிப்பு: இடைஞ்சல், அகற்றவும். விடுவேனா? தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதுதான் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அளவு நாடா வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். தொட்டி அங்கேயே இருக்கிறது, அடியில் தண்ணீர் தேங்கும் தட்டு இல்லாமல். கொசுவுக்கு இடம் கொடுத்தால் அடுத்த அறிவிப்பில் நம் பக்கம் நியாயம் இருக்காது.

பூத்துவிட்டது! அடர் நீலம். மக்சிக் அதில் சாயம் இறக்கிப் புளுட் இந்தி என்ற மலாய்ப் பலகாரம் (பசையரிசிச் சோற்றின் மேல் இனிப்புத் தேங்காய்த் துருவல்) செய்தார், எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது.

விதை எடுக்க நினைப்பவர்கள் காய் பழுப்பானதும் பறித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், விதைகள் கீழ்மாடிவரை தெறித்துப் போகும்.