சர்வ்லெட் படிப்பு: ஃபார்மில் தமிழ் ஒருவழியாக ஒழுங்காக வந்தது

நேற்று இரவு 11.45க்கு என் திரையில் "வாங்கியவர்: சின்ன மாமா" என்று சுத்தமான தமிழில் ஒரு வரி வந்தது. இந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இல்லையென்றால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

செய்துகொண்டிருப்பது அப்பாவின் புத்தகங்களுக்கு ஒரு கடன் பதிவேடு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று அவர் நோட்டில் எழுதி வைத்திருப்பதை ஜாவா சர்வ்லெட் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்), ஜேஎஸ்பி (பக்கத்தை வரைவது), மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) வைத்து வலைச் செயலியாக மாற்றுகிறேன். வழிகாட்டி, கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஒரு தடித்த புத்தகம். சர்வ்லெட் 3.0 காலத்தது. ஒரு வரி விடாமல் கையால் தட்டச்சு செய்து படிப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

முதல் வாரம், சர்வ்லெட்டை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10ஐ இறக்கி வைத்து 404லேயே போனது. நிரல் கம்பைல் ஆகிறது, செயலியைக் கட்டி வைத்த வார் கோப்பு ஏறுகிறது, பக்கம் மட்டும் கிடைப்பதில்லை. காரணம் பெயர் மாற்றம். ஆரக்கிள் 2017இல் சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா இஇ தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பிறகு வணிகக்குறி உரிமையில் உடன்பாடு எட்டாததால் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் 2020இல் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 புதிய பெயரைத்தான் தேடும். நான் பழைய பெயர் உள்ள ஜார் (நிரல் நூலகக்) கோப்பை வைத்து கம்பைல் செய்ததால் பிழை எதுவும் வரவில்லை. வகுப்பின் தலையில், இது எந்த முகவரிக்கு என்று சொல்ல எழுதியிருந்த வெப்சர்வ்லெட் அன்னோட்டேஷனை (நிரலுக்குள் இடும் குறிப்பை) டாம்கேட் கண்டுகொள்ளவும் இல்லை. பழைய செயலிகளைத் தானே மாற்றிக்கொள்ள அதில் தனி ஃபோல்டர் ஒன்று உண்டு. ஆனால் புத்தகத்தில் இருக்கிற வரியும் என் வரியும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குப் படிப்பு ஓடும். அதனால் டாம்கேட் 9க்கு இறங்கிவிட்டேன். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் நேராக 9இலேயே தொடங்குங்கள்.

இனி உண்மையான தொல்லை. தேடல் பக்கத்தில் தமிழில் அடித்தால் சரியாக வருகிறது. பதிவு ஃபார்மில் அதே சொல்லை அடித்து அனுப்பினால் குப்பையாக வருகிறது. தேடல் கெட், அதாவது அடித்தது முகவரியிலேயே போகும். பதிவு போஸ்ட், அடித்தது கோரிக்கையின் உடலில் போகும். டாம்கேட் 8 முதல் முகவரியில் வரும் எழுத்துகளை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் முறை) என்றே படிக்கிறது. போஸ்ட் உடலில் வருவதையோ, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஐஎஸ்ஓ 8859-1 (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்னும் பழைய மேற்கத்திய முறை) என்று எடுத்துக்கொள்கிறது.

அந்தக் குப்பையை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தேன், அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றுதான், அது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ ஆகத் தெரிகிறது. இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவு பெற்ற வணிகக்குறி என்பதற்குப் போடுவார்களே, அது. 'மாமா' என்று அடித்தபோது 'ம' வருகிற இரண்டு இடத்திலும் வட்ட ஆர் ஜோடியாக நின்றது. மகரத்தின் இரண்டாம் பைட்டும் மூன்றாம் பைட்டும் ஒன்றேதான்! இகரக் குறி வந்தால் தலைகீழ்க் கேள்விக்குறி. இப்போது எந்தத் தளத்தில் தமிழ் உடைந்து கிடந்தாலும் அதில் 'ம' எங்கே, 'மி' எங்கே என்று என்னால் சொல்ல முடியும்.

புத்தகம் சொன்ன மருந்து ஒரே வரி. போஸ்ட்டைக் கையாளும் டூபோஸ்ட்டின் முதல் வரியில் ரிக்வெஸ்ட்டின் (கோரிக்கையின்) செட்கேரக்டர்என்கோடிங்கைக் கூப்பிட்டு யூடிஎஃப்-8 என்று சொல். சொன்னேன். மாற்றமில்லை. அதே வரியை, சர்வ்லெட்டுக்கு முன்பே ஓடும் ஒரு ஃபில்டருக்குள் வைத்து எல்லாப் பக்கத்துக்கும் பொருத்தினேன். மாற்றமில்லை. கெட்கேரக்டர்என்கோடிங்கை அச்சிட்டுப் பார்த்தால் யூடிஎஃப்-8 என்றே பதில் வருகிறது, எழுத்து மட்டும் உடைந்தே வருகிறது. பத்து நாள் இங்கேயே நின்றேன். மைஎஸ்க்யூஎல் அட்டவணையைக்கூட யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8) என்று அழித்து மறுபடி உருவாக்கினேன். தவறு அங்கே இல்லவே இல்லை.

கன்சோலை நம்பியதும் என்னை வழி தவறவிட்டது. விண்டோஸ் கன்சோல் நல்ல தமிழையும் கேள்விக்குறியாகக் காட்டியது, கெட்ட தமிழையும் வேறு மாதிரி காட்டியது. சரி, எழுத்தையே பார்க்க வேண்டாம், நீளத்தைப் பார்ப்போம் என்று தோன்றியது. 'தமிழ்' என்று அனுப்பி, வந்த ஸ்ட்ரிங்கின் லென்த்தை மட்டும் அச்சிட்டேன். ஒழுங்காக வந்திருந்தால் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வந்தது 15. ஐந்து குறியீட்டின் பதினைந்து பைட்டையும் தனித்தனி எழுத்தாக எண்ணியிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஃபில்டரிலும் இந்த நீளத்தை ஃபில்டர் பெயரோடு அச்சிட்டேன்.

என்கோடிங் ஃபில்டருக்கு முன்பே இன்னொரு பெயர் கன்சோலில் வந்தது. எட்டாம் அத்தியாயத்துக்காக நான் எழுதிய பதிவு ஃபில்டர், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் என்னென்ன வந்தது என்று அச்சிடுவது. அது முதலில் ஓடி, ஃபார்மில் வந்த மதிப்பை எடுக்கும் கெட்பாராமீட்டரைக் கூப்பிடுகிறது. அந்த நொடியே டாம்கேட் போஸ்ட் உடல் முழுவதையும் ஐஎஸ்ஓ 8859-1 என்று பிரித்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு யூடிஎஃப்-8 என்று எத்தனை முறை சொன்னாலும் பிரித்ததை மறுபடி பிரிக்காது, பிழைச் செய்தியும் தராது.

இரண்டு ஃபில்டரையும் அன்னோட்டேஷனில் அறிவித்திருந்தேன். அன்னோட்டேஷனில் அறிவித்த ஃபில்டர்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வரிசை வேண்டுமென்றால் செயலியின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் ஃபில்டர் மேப்பிங்கை (எந்த ஃபில்டர் எந்த முகவரிக்கு என்பதை) வேண்டிய வரிசையில் எழுத வேண்டும். இரண்டு அன்னோட்டேஷனையும் எடுத்துவிட்டு, என்கோடிங் ஃபில்டரை மேலேயும் பதிவு ஃபில்டரை அதன் கீழேயும் எழுதினேன். டாம்கேட்டை நிறுத்தி, வொர்க் ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஏற்றினேன். நீளம் 5. சின்ன மாமா வந்துவிட்டார்.

சர்வ்லெட் 4.0இல் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை, வெப் எக்ஸ்எம்எல்லில் ரிக்வெஸ்ட் கேரக்டர் என்கோடிங் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்பது இதற்குப் பிறகுதான் தெரிந்தது. டாம்கேட் 10இல் அதன் பொதுக் கோப்பிலேயே அந்த வரியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஃபில்டரை எடுக்கப்போவதில்லை. ஃபில்டர் வரிசை எனக்குப் புரிந்ததே இதனால்தான்.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். சாய்கோடு ஏயும் வட்ட ஆரும் வந்தால் படிக்கும் இடத்தில் தவறு, பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறி வரிசையாக வந்தால் எழுதும் இடத்தில் தவறு, அந்த எழுத்து போய்விட்டது. ரெஸ்பான்ஸின் (பதிலின்) கெட்ரைட்டரைக் கூப்பிட்ட பிறகு, எழுத்து முறையைச் சொல்லும் செட்கன்டென்ட்டைப்பைப் போட்டால் இந்தக் கேள்விக்குறிதான் வரும். அதை முதலில் போடுங்கள்.

மீட்பதையும் செய்து பார்த்தேன். உடைந்த நிலையிலேயே 63 வரிகள் அட்டவணைக்குள் போயிருந்தன. ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓ 8859-1 பைட்டுகளாக எடுத்து, யூடிஎஃப்-8 ஸ்ட்ரிங்காகக் கட்டித் திருப்பி எழுதினேன். 63ம் பிழைத்தன. இந்த மாற்றத்தையே ஒவ்வொரு கெட்பாராமீட்டர் வரியிலும் செய்யச் சொல்லும் பழைய புத்தகம் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். ஃபில்டர் சரியான மறுநாள் நல்ல தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

புத்தகத்தின் மேல் எனக்கு உள்ள ஒரே மனக்குறை, எடுத்துக்காட்டு முழுவதிலும் ஆங்கிலப் பெயர்தான். ஆங்கில எழுத்து இரண்டு குறியீட்டிலும் ஒரே பைட், அதனால் எதுவும் உடையாது. தமிழில் செயலி செய்ய நினைப்பவர்கள் முதல் அத்தியாயத்தின் வணக்கம் நிரலிலிருந்தே தமிழில் அடியுங்கள். சிக்கல் சின்னதாக இருக்கும்போதே வெளியே வந்துவிடும்.

புத்தகத்தின் முதுகு நடுவில் விட்டுப்போனது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டாகப் பிரித்து ஸ்பைரல் போட்டு வாங்கினேன். விரித்து வைத்தால் மூடிக்கொள்வதில்லை, கீபோர்டு பக்கத்தில் தட்டையாகக் கிடக்கிறது. தடித்த புத்தகம் வாங்கினால் முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள். உக்கடம் கடை அண்ணனிடம் எஸ்க்யூஎல் புத்தகம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அது எதற்கென்றால், அகரவரிசை. யூனிகோடு எண்படி அடுக்கினால் 'ன' போய் 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில் நிற்கிறது, 'ற' வந்து 'ர'வை ஒட்டி நிற்கிறது, 'வ' போய் 'ழ'வுக்குப் பின்னால் நிற்கிறது. அப்பா நோட்டில் எழுதியிருக்கும் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அவர் பட்டியலைப் பார்த்தவுடன் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பைக்குப் பக்கத்தில் எந்த கொலேஷனை (எழுத்து வரிசை விதியை) போட்டால் எப்படி வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். திருப்பித் தந்ததைக் குறிக்கும் பக்கம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது, பொத்தானை அழுத்தினால் தேதி பதிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்கிறேன்.